ஜெயில்ல இருந்தே பி.ஏ., தம்பிக்காக நாங்க அலைஞ்சது

என் தம்பி உள்ள போகும்போது பத்தாவதுதான் பாஸ். ஒருநாள் மனு பாக்க, அதாவது ஜெயிலுக்குப் போய் அவன நேர்ல சந்திக்கப் போனப்ப, "அக்கா நான் டிகிரி படிக்கணும், வேலூர் ஜெயில்ல இருந்தே பேரறிவாளன் அண்ணன் எம்சிஏ வரைக்கும் முடிச்சிருக்காரு"ன்னான். கைதிகளுக்கு இக்னோல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஃபீஸ் கிடையாதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

பிளஸ் டூ இல்லாதவங்களுக்கு இக்னோல பிபிபின்னு ஆறு மாச கோர்ஸ் இருக்கு, அத முடிச்சா நேரா பி.ஏ. சேரலாம். நாங்களும் அதுலதான் போட இருந்தோம், ஆனா தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்க தடுத்தாங்க, பிளஸ் டூ இல்லாம ஓபன் யுனிவர்சிட்டி டிகிரி வாங்கினா தமிழ்நாட்டுல அரசு வேலைக்கு எடுத்துக்க மாட்டாங்க, 2009லயே ஜிஓ, அதாவது அரசாணை, இருக்குன்னு. தயவுசெஞ்சு இத யாரும் விட்டுடாதீங்க. அதனால பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டையும் தனித்தேர்வரா உள்ளயே எழுதினான். ரெண்டு வருஷம் போச்சு, போனா போகட்டும்.

2022 ஜூலைல அட்மிஷன். ஃபார்ம் எல்லாமே ஆன்லைன், ஓடிபி வர்றதுக்கு உள்ள இருக்கறவன்கிட்ட ஏது போனு, என் நம்பரையே குடுத்துட்டேன், இன்னிக்கு வரைக்கும் இக்னோ மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. அசைன்மென்ட் கேள்வித்தாளை நான் டவுன்லோட் பண்ணி பிரின்ட் எடுத்து வெல்ஃபேர் ஆபீசர்கிட்ட குடுப்பேன், அவன் கையால எழுதி அனுப்புவான். ஸ்டேப்ளர் பின் உள்ள விட மாட்டாங்க, தறி செக்‌ஷன் நூல வச்சு பேப்பர் ஓரத்துல தைச்சிருப்பான், பச்சை நூலு. முதல் கட்டு கைக்கு வந்தப்ப அம்மா அந்தத் தையலையே தடவிப் பாத்துட்டு இருந்தாங்க.

நடுவுல திடீர்னு வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. பரீட்சை சென்டர் பழைய இடத்துலயே நின்னுடுச்சு, புக்கும் கூடப் போகல, அந்த டிசம்பர் ஒரு பேப்பர்கூட எழுத முடியல. அவன் அழுதத அன்னிக்குத்தான் பாத்தேன். மாத்துறாங்கன்னு தெரிஞ்ச உடனே பரீட்சை சென்டர் மாத்தச் சொல்லி இக்னோ ரீஜனல் சென்டருக்கு லெட்டர் குடுத்துடுங்க, ஜெயில் சூப்பிரண்டு கையெழுத்தோட, ஒரு காப்பி உங்ககிட்டயும் இருக்கட்டும். நாங்க குடுக்காம விட்டதுக்கு ஆறு மாசம் போச்சு.

இன்னும் ரெண்டு பேப்பர்தான் பாக்கி. போன வாரம் மனுவுல, பக்கத்து பிளாக் பையன் ஒருத்தனுக்கு பிளஸ் ஒன் கணக்கு சொல்லிக் குடுக்கறேன், பழைய கொஸ்டின் பேப்பர் கொண்டாங்கன்னான். நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்.