புளியரையில் ஒரு டப்பா வேட்டை

பங்குனியில் செங்கோட்டைக்குப் போகிறேன் என்றால் சொந்தக்காரர்களே இரக்கத்தோடு பார்க்கிறார்கள். சாரல் கிடையாது, அருவியில் தண்ணீர் கிடையாது. ஆனால் புளியரை மலையடிவாரம் எனக்குப் பிடித்திருப்பது அந்த மாதத்தில்தான். புங்க மரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் தளிரோடு நிற்கும். முள்ளிலவு மரத்தடியில் தடித்த சிவப்பு இதழ்கள் பொத்துப் பொத்தென்று விழும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மிளகு ஒருமுறை குரைத்துவிட்டுத்தான் நகர்வாள்.

மிளகு எங்கள் டாஷண்ட் நாய். உயரம் ஒரு சாண்.

கணவாய்க்கு அப்பால், கேரளப் பக்கம், செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. செங்குறிஞ்சி மரத்தின் பெயரால் 1984-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே அவளை நான் கூட்டிப்போவதில்லை. வீட்டு நாயிடமிருந்து செந்நாய்களுக்கு நோய் தொற்றும், விதியும் அனுமதிக்காது. மாந்தோப்பு ஓரங்களும் வயல் வரப்புகளும் எங்களுக்குப் போதும்.

நடைக்குச் சாக்கு ஜியோகேச்சிங்: யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 2000 மே 2-ஆம் தேதி, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே ஒருவர் ஆரிகன் மாநிலக் காட்டுப் பகுதியில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். விளையாட்டு அங்கே பிறந்தது. டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். குழி தோண்டிப் புதைக்கக் கூடாது, தின்பண்டம் கூடவே கூடாது.

ஒரு பக்கம் மலைச்சுவர், தலைக்கு மேல் மாமரக் கூரை. ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறி, வழிகாட்டும் செல்போன் அம்பு கிணற்றடிக்கும் வேலிக்குமாகத் தாவிக்கொண்டிருந்தது. குனிந்து கல் இடுக்குகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது தோப்புக் காவலாளி வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி தேடுகிறீர்கள்?"

வாய் தவறவில்லை, வேறு சொல் கிடைக்கவில்லை: "புதையல் மாதிரி ஒன்று."

அவர் முகம் மாறியது. மிளகைப் பார்த்தார், என் தோள்பையைப் பார்த்தார். "நாய் எதற்கு? பலிக்கா?"

விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. பரிசு ஒன்றுமில்லை, பெயரெழுதத்தான் வந்தோம் என்றதும் பலியைவிட அதுதான் அவருக்குச் சந்தேகமாகத் தெரிந்தது.

இதற்கிடையில் மிளகு வேலியோரக் கற்குவியலை முன்னங்காலால் பறித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கல்லைப் புரட்டியதும் பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே குறிப்பேடு, ஒரு பம்பரம், சட்டைப் பித்தான்கள், அவற்றோடு காகிதம் பிரியாத கடலை மிட்டாய் ஒன்று. மூடியின் விளிம்பில் எறும்பு வரிசை. விதியை மீறிய புண்ணியவான் யாரோ! குரங்குகளுக்கு முன்னால் நாங்கள் வந்தது அதிர்ஷ்டம்தான்.

காவலாளியும் பேனா வாங்கித் தன் பெயரை எழுதினார். மிட்டாயை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிரானூர் பார்டர் வரும்வரை மிளகு அந்தப் பையைவிட்டு மூக்கை எடுக்கவில்லை. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேரும்வரை மாநில எல்லை அங்கேதான் இருந்தது. இப்போது அங்கே பரோட்டாக் கடைகள். சால்னா வாசம் எட்டியதும் மிட்டாயை மறந்துவிட்டாள்.