இணையாக நடக்கும் மாற்றங்களுக்கு நடுவே ஆவணத்தைப் பராமரித்தல்: ஓர் அனுபவம்

பல குழுக்கள் ஒரே நேரத்தில் கைவைக்கும் ஒரு மென்பொருள் சேவைக்கான ஆவணங்களை நான் பராமரிக்கிறேன். அமைவு வழிகாட்டி, ஏபிஐ (பிற மென்பொருள்கள் சேவையை அழைக்கும் இடைமுகம்) விளக்கம், சேவையை இயக்குவோருக்கான கையேடு, வெளியீட்டுக் குறிப்புகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். முன்பு இவை விக்கியிலும் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் களஞ்சியத்திலுமாகப் பிரிந்து கிடந்தன. விக்கிக்கும் திருத்த வரலாறு உண்டு. ஆனால் ஒரு பக்கத்தை யார், எப்போது மாற்றினார்கள் என்பதை மட்டுமே அது காட்டும். எந்த நிரல் மாற்றத்துக்காகத் திருத்தப்பட்டது, அந்த மாற்றம் எந்த வெளியீட்டில் பயனரைச் சென்றடைந்தது என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடைக்காது. வெளியீட்டுக்கு முந்தைய சில நாட்களில் எல்லோரையும் துரத்தித் துரத்தி நினைவிலிருந்து எழுதவைப்பதே எங்கள் நடைமுறையாக இருந்தது.

ஆவணங்களை மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவக் கோப்புகளாக்கி நிரல் இருக்கும் களஞ்சியத்துக்கே கொண்டுவந்தது முதல் படி. பயனருக்குத் தெரியும் நடத்தையை மாற்றும் எந்தப் புல் ரிக்வெஸ்டும் (மாற்றத்தை இணைக்கக் கோரும் விண்ணப்பம்) ஆவணத் திருத்தத்தையும் தன்னுள்ளே கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் தேவையில்லை என்று ஒரு வரியில் எழுத வேண்டும் என்று விதித்தோம். வெறும் டிக் குறியிடும் பெட்டியை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். பெட்டியை யோசிக்காமல் நிரப்பிவிடலாம். காரணம் எழுதும்போது பலருக்கு ஆவணம் தேவைதான் என்பது தானே புலப்படும்.

விதி வந்ததும் வெளியீட்டுக் குறிப்புக் கோப்பு நெரிசல் சந்தியாகிவிட்டது. எல்லோரும் அதன் தலைப்பகுதியிலேயே வரிகளைச் சேர்த்ததால், ஒரு கிளை (முதன்மை நிரலிலிருந்து பிரிந்து தனியே நடக்கும் மாற்றங்களின் தொடர்) இணைந்த உடனே மற்றக் கிளைகள் எல்லாவற்றிலும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட், அதாவது இணைப்பு முரண்பாடு, எழுந்தது. பைதான் மொழியின் மேம்பாட்டுக் குழு 2017-ல் கிட்ஹப்புக்கு இடம்பெயர்ந்த காலத்தில் கையாண்ட வழியையே நாங்களும் எடுத்துக்கொண்டோம்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே ஒரு சிறு கோப்பு, வெளியீட்டின்போது ஒரு கருவி அவற்றைத் தொகுத்து ஒரே குறிப்பாக்கும். கோப்பின் பெயரிலேயே சிக்கல் எண் (அந்த மாற்றத்துக்கான பணிப் பதிவின் எண்) இருப்பதால், தொகுத்த பின்பும் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

இன்னொரு சிறு மாற்றம், எதிர்பார்த்ததைவிட அதிகம் உதவியது: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. 1974-லேயே கணினி அறிஞர் பிரயன் கெர்னிகன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்குப் புதியவர்களுக்கு எழுதிய அறிமுகத்தில் இதைப் பரிந்துரைத்திருக்கிறார். பத்தியை அகலத்துக்கேற்ப மடித்து எழுதினால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் பல வரிகள் மாறியதாகக் கிட் காட்டும். எந்த வாக்கியம் எப்போது, ஏன் மாறியது என்று, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது எது எனக் காட்டும் கிட் பிளேம் கட்டளையால் பிறகு கண்டறிய முடியாது. பழைய பக்கங்களை இந்த வடிவத்துக்கு மாற்றிய கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டும், பிளேம் கணக்கில் எடுக்காமல் விடும்படி, கிட் 2.23 பதிப்பிலிருந்து கிடைக்கும் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

இதுவரை சொன்னவை எல்லாம் எளிதானவை. உண்மையான தொல்லை, கிட் எந்த முரண்பாட்டையும் காட்டாத இடத்தில்தான் இருந்தது. ஒரு கிளை, சேவை பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பு நேரத்தை 30 விநாடியிலிருந்து 60 ஆக்கியது. அமைப்புகளின் அட்டவணையும் அதே புல் ரிக்வெஸ்டில் முறையாகத் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே பிரிந்திருந்த இன்னொரு கிளை, இயக்குவோர் கையேட்டில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தது: சேவையின் 30 விநாடியைவிடக் கூடுதலாக இருக்கும்படி, முன்னால் நின்று கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சரின் காத்திருப்பு வரம்பை 40 விநாடியாக வைக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. இரண்டு கிளைகளையும் மறுஆய்வு செய்தவர்கள் தங்கள் முன் இருந்ததைச் சரியாகவே சரிபார்த்தார்கள். பொது மூதாதையோடு ஒப்பிட்டு வரிகளை மட்டுமே பார்க்கும் கிட்டுக்கு, வெவ்வேறு கோப்புகளில் நடந்த இந்த இரண்டு மாற்றங்களுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிய வழியில்லை. இணைந்தபின் கிடைத்த கையேட்டைப் பின்பற்றினால், சேவை பதில் தருவதற்குள் லோட் பேலன்சர் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். முதலாவது, உரைக்குள் எண்களை எழுதுவதையே நிறுத்தினோம். இயல்பு மதிப்புகள் நிரலிலிருந்து ஒரு தரவுக் கோப்பாக உருவாகின்றன. ஆவணம் கட்டமைக்கப்படும்போது அந்தந்த அமைப்பின் பெயரைக் கொண்டு மதிப்பு எடுக்கப்படுகிறது. ஆனாலும் “40 போதும்” என்பது போன்ற அறிவுரை ஒரு மதிப்பைச் சார்ந்து சொல்லப்பட்ட கருத்து. அதைத் தானாக உருவாக்க முடியாது. ஆகவே இரண்டாவதாக, ஒவ்வொரு பகுதியின் தலைப்புக்கும் கீழே, அது எந்தெந்த அமைப்புகளைச் சார்ந்திருக்கிறது என்பதை, வாசகருக்குத் தெரியாமல் கோப்பில் மட்டும் இருக்கும் மறைகுறிப்பாக எழுதச் சொன்னோம். ஒரு புல் ரிக்வெஸ்ட் ஓர் அமைப்பைத் தொட்டால், அதைச் சார்ந்த பகுதிகளையும், இன்னும் திறந்திருக்கும் மற்றப் புல் ரிக்வெஸ்டுகளில் அதையே குறிப்பிடுபவற்றையும் தானியங்கிச் சோதனை பட்டியலிடுகிறது. இணைப்புகளை வரிசையில் நிறுத்தி, முன்னால் இருப்பவற்றோடு சேர்ந்த நிலையிலேயே சோதிக்கும் மெர்ஜ் கியூ முறைக்கு மாறிய பிறகுதான் இந்தச் சோதனைக்கு முழுப் பயன் கிடைத்தது. மறைகுறிப்பு எழுதுவது சலிப்பான வேலைதான். யாரும் விரும்பிச் செய்வதில்லை. அதனால் எல்லாப் பகுதிகளுக்கும் கட்டாயமாக்காமல், தவறானால் சேவையே நின்றுபோகக்கூடிய பகுதிகளுக்கு மட்டும் வலியுறுத்துகிறேன்.

ஓர் ஆவண வரி எந்த மாற்றத்திலிருந்து வந்தது என்று தடமறிய எந்த அடையாளத்தை நம்புவது என்பதில் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கமிட் ஹாஷை (கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளத்தை) பயன்படுத்தலாம் என்றார்கள் சிலர். லினக்ஸ் கெர்னலின் பிழைத்திருத்தக் குறிப்புகள்கூட ஹாஷின் முதல் 12 எழுத்துகளையே சுட்டுகின்றன. ஆனால் அங்கே சுட்டப்படுவது ஏற்கெனவே முதன்மைக் களஞ்சியத்தில் நிலைத்துவிட்ட கமிட். எங்களிடமோ கிளையின் கமிட்டுகள் எல்லாம் இணைக்கும்போது ஒன்றாக அழுத்தப்படுகின்றன. அப்போது ஹாஷ் மாறிவிடும், ஆவணத்தில் எழுதியது எதையும் சுட்டாமல் நிற்கும். கெரிட் என்னும் நிரல் மறுஆய்வுக் கருவி கமிட் செய்திக்குள்ளேயே ஒரு மாற்ற அடையாளத்தை வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நாங்கள் சிக்கல் எண்ணையே கமிட் செய்தியின் கடைசி வரியிலும், குறிப்புக் கோப்பிலும், பகுதியின் மறைகுறிப்பிலும் எழுதுகிறோம்.

பழைய பதிப்புகளுக்குத் திருத்தத்தைப் பின்னோக்கிக் கொண்டுசெல்லும்போது ஆவண வரிகளும் கூடவே போய்விடுகின்றன. ஆகவே, “இந்தப் பதிப்பிலிருந்து மாறியது” என்ற குறியில் எண்ணைக் கையால் எழுதுவதில்லை. அந்தந்த வெளியீட்டுக் கிளையில் கருவியே அதை நிரப்புகிறது.

திரைப்பிடிப்புப் படங்களுக்கு இந்த ஏற்பாடுகள் எதுவும் கைகொடுக்கவில்லை. படத்துக்குள் இருக்கும் பொத்தானின் பெயர் மாறியதை எந்த ஒப்பீடும் வரியாகக் காட்டாது. பெரும்பாலான படங்களை நீக்கிவிட்டு உரையாக எழுதினோம். எஞ்சிய சிலவற்றை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தானியங்கி உலாவிச் சோதனை புதிதாக எடுத்துத் தருகிறது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒருவர் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புதல் தருகிறார்.