கதிர்வீச்சுக்கு முன் ரத்த அறிக்கையில் லிம்போசைட்டைப் பாருங்கள்

வயதான புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சு தொடங்குமுன் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு முக்கியக் கணக்கு இருக்கிறது. மொத்த வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 8,000, அவற்றில் தொற்றை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் 75%, நோயெதிர்ப்பை நடத்தும் லிம்போசைட் 15% என்றால் முறையே 6,000, 1,200. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 5. இந்த விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்குப் பல வகைப் புற்றுநோய்களில் நீண்டநாள் உயிர்வாழும் வாய்ப்பு குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எல்லைக்கோடு மட்டும் கிடையாது.

இந்த எண் எளிதில் ஏமாற்றும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தாலே நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். சளி, சிறுநீர்த் தொற்று இருந்தாலும் விகிதம் எகிறும். ஆகவே ஸ்டீராய்டு தொடங்குமுன், காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்த மாதிரியையே நம்புங்கள்.

சிகிச்சை தொடங்கியபின் லிம்போசைட் சரியத்தான் செய்யும். உடலிலேயே கதிர்வீச்சுக்கு மிக எளிதில் மடியும் செல்களில் அதுவும் ஒன்று. கதிர் பாயும் பகுதி வழியே ஓடும் ரத்தமும் தினமும் கொஞ்சம் கதிரை வாங்கிக்கொள்கிறது. பகுதி பெரிதானால், சிகிச்சை நாட்கள் கூடினால், இழப்பும் கூடும். முதியவர்களுக்கு, லிம்போசைட்டின் ஒரு வகையான டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்கிவிட்டதால், புதிய டி செல்கள் மெதுவாகவே வரும். லிம்போசைட் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் அது கடுமையான குறைவு.

விகிதத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்), எடை இழப்பு, நடமாட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதிய புற்றுநோயாளிகளின் பலவீனத்தை விரைவாகக் கண்டறியும் ஜி8 கேள்விப்பட்டியலில் 17க்கு 14 அல்லது அதற்குக் குறைவான மதிப்பெண் என்றால் முழு முதியோர் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.