சிஏ நாட்குறிப்பு: யார் கையில எந்த சாவி

பிப்ரவரி 3, 2025, திங்கள்

ஆபீஸ் விபிஎன் சர்வர் இன்னிக்குத்தான் முழுசா என் பொறுப்புக்கு வந்துச்சு. கோயம்புத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ், திருப்பூர்லயும் ஈரோட்லயும் சின்னதா கிளை, மொத்தம் 14 பேர், வெளிய இருந்து டேலி கணக்கு சர்வருக்கு பத்திரமா வர்றதுக்கு ஓப்பன்விபிஎன்ங்கற சாஃப்ட்வேர். கான்ஃபிக் ஃபைல திறந்ததும் முதல்ல கண்ல பட்டது டூப்ளிகேட்-சிஎன்னு ஒரு வரி. ஒரே சர்டிஃபிகேட்ட, அதாவது உள்ள வர்றதுக்கான டிஜிட்டல் அடையாள அட்டைய, வச்சுக்கிட்டு ஒரே நேரத்துல எத்தனை பேர் வேணாலும் உள்ள வரலாம்னு அர்த்தம். ஸ்டேட்டஸ் ஃபைல பாத்தா கிளையண்ட்1, அடுத்த வரியும் கிளையண்ட்1, அதுக்கடுத்ததும் அதே, ஒம்பது பேர் உள்ள இருக்காங்க ஒம்பது பேருக்கும் ஒரே பேரு.

முன்னாடி செட்டப் பண்ணவங்க ஒரே ஒரு ஃபைல உருவாக்கி வாட்ஸப் குரூப்ல போட்டுட்டுப் போயிருக்காங்க. 2023ல வேலைய விட்டுப் போன ஒருத்தர் போன்லயும் அது இன்னும் இருக்கும். அவர் தங்கமான மனுஷன், அது வேற விஷயம். ஆனா அவர ஒருத்தர மட்டும் வெளிய எடுக்க வழியே கிடையாது, அந்த சர்டிஃபிகேட்ட ரத்து பண்ணா 14 பேரும் வெளிய. அந்த சர்வர்ல நூத்துக்கணக்கான குடும்பங்களோட பான் நம்பரும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் இருக்கு. போதாததுக்கு சிஏவோட, அதாவது இந்த சர்டிஃபிகேட்டுக்கெல்லாம் கையெழுத்து போடற சர்டிஃபிகேட் அத்தாரிட்டியோட (ஆடிட்டர் சிஏ இல்ல), ப்ரைவேட் கீங்கற ரகசிய சாவியும் அதே மெஷின்ல, பாஸ்வேர்ட் கூட இல்லாம கெடக்குது. வயிறு கலங்கிடுச்சு. சார்கிட்ட சொல்லிட்டேன், பழசத் திருத்தறதுல பிரயோஜனம் இல்லைங்க சார், சிஏ முதல்ல இருந்து புதுசா போடணும்னு.

பிப்ரவரி 5, புதன்

சார் கேட்டார், "வெப்சைட்டுக்கு ஃப்ரீயா சர்டிஃபிகேட் தர்றாங்களே, அதையே வாங்கிப் போட்டா ஆகாதா?" நல்ல கேள்விதான். வெளிய இருக்கற சிஏ இந்த டொமைன் இவங்களோடதுதான்னு உலகத்துக்கு சொல்றதுக்கு. இங்க நமக்கு வேண்டியது, இந்த ஆள் நம்ம ஆபீஸ் ஆள்தானான்னு ஒரே ஒரு சர்வருக்கு தெரியணும், அவ்வளவுதான். அத சொல்ற உரிமை நம்மகிட்ட மட்டும்தான் இருக்கணும். ஊர் உலகமெல்லாம் நம்பற ஒரு சிஏவ இந்த சர்வர் நம்ப ஆரம்பிச்சா, அந்த சிஏ கையெழுத்து போட்ட யார் வேணாலும் வாசல்ல வந்து நிப்பாங்க.

அவருக்கு கெஸட்டட் ஆபீசர் கதைய சொன்னேன். ஜெராக்ஸ கொண்டு போனா பச்சை மைல கையெழுத்தும் சீலும் போட்டுத் தருவார் இல்லையா, அந்த சீல்தான் சிஏவோட ப்ரைவேட் கீ. சீல் திருடு போச்சுன்னா திருடினவன் போடற ஒவ்வொரு சீலும் செல்லும். அதனால அந்த கீ விபிஎன் சர்வர்ல இருக்கவே கூடாது, நெட்டே இல்லாத தனி மெஷின்ல இருக்கணும். ஸ்டோர் ரூம்ல பழைய திங்க்பேட் லேப்டாப் ஒண்ணு கெடந்துச்சு, வைஃபை கார்ட கழட்டிட்டு டெபியன் லினக்ஸ் போட்டுட்டேன்.

2011ல நெதர்லாந்துல டிஜினோட்டார்னு ஒரு சிஏவுக்கு நடந்தத நெனச்சுப் பாக்கறேன். உள்ள புகுந்தவங்க கூகுள் பேர்ல எல்லாம் சேத்து 500க்கு மேல போலி சர்டிஃபிகேட் போட்டுட்டாங்க, ஈரான்ல இருந்த ஜனங்களோட ஜிமெயில ஒட்டுக் கேக்கறதுக்கு அத பயன்படுத்தினாங்க, செப்டம்பர் மாசமே கம்பெனி திவால். எனக்கு அதுல பெருசா படறது, என்னென்ன கையெழுத்தாகி வெளிய போச்சுன்னு அவங்க பதிவேட்டுலயே முழுசா இல்ல. பதிவுல இல்லாதத எப்படி ரத்து பண்றது?

பிப்ரவரி 8, சனி

ஆபீஸ் லீவு. காலைல பத்து மணிக்கு உக்காந்தேன். சிஏ உருவாக்கற டூல் ஈஸி-ஆர்எஸ்ஏ 3, பில்ட்-சிஏ கமாண்ட், பாஸ்ஃப்ரேஸ் (கீய பூட்டற நீளமான பாஸ்வேர்ட்) கேட்டுச்சு, பேப்பர்ல எழுதி கவர்ல போட்டு ஒட்டி அதுக்கு மேல நானும் சாரும் கையெழுத்து போட்டு அவர் ரூம் பீரோல வச்சாச்சு. கீயோட பேக்கப் ரெண்டு பென்டிரைவ்ல, ஒண்ணு இங்க பீரோ, ஒண்ணு ஈரோடு. ஆபீஸே தீப்பிடிச்சாலும் ஒரு காப்பி மிஞ்சணும்.

அப்புறம் சர்வருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு சைன் பண்ணி, கனெக்ட் பண்ணா வரல. லாக்ல "சர்டிஃபிகேட் இஸ் நாட் யெட் வேலிட்". இன்னும் செல்லாதாம், இப்பத்தான் பத்து நிமிஷம் முன்னாடி கையெழுத்து போட்டது! டைம் தப்பான்னு பாத்தா திங்க்பேட்ல 10:52, என் வாட்ச்லயும் 10:52. திருப்பி சைன் பண்ணேன், அதே எர்ரர். ரெண்டு மணி நேரம் கான்ஃபிக்ல ஒவ்வொரு வரியா மாத்தி மாத்திப் பாத்து, சாப்பிடப் போயிட்டு வந்து, அப்புறம்தான் சர்டிஃபிகேட்ட முழுசா பிரிச்சுப் படிச்சேன். நாட் பிஃபோர், அதாவது எப்ப இருந்து செல்லும்ங்கற எடத்துல 10:52, பக்கத்துல ஜிஎம்டி.

அங்கதான் வெளிச்சம் வந்துச்சு. திங்க்பேட்ட போடறப்ப டைம்ஸோன் யூடிசின்னே (உலகப் பொது நேரம், ஜிஎம்டி மாதிரியே) விட்டிருக்கேன், நெட் இல்லாத மெஷினாச்சேன்னு நேரத்த மட்டும் வாட்ச பாத்து கையால வச்சிருக்கேன். மெஷின் அத லண்டன் நேரம்னு நெனச்சுக்கிச்சு, அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடுது. அந்த சர்டிஃபிகேட் நமக்கு சாயங்காலம் 4:22க்குத்தான் உயிரோட வரும். விட்டிருந்தா சாயங்காலம் தானா வேலை செஞ்சிருக்கும், என்ன காரணம்னே எனக்குத் தெரியாமப் போயிருக்கும். டைம்ஸோன சரி பண்ணிட்டு எல்லாத்தையும் அழிச்சு சிஏவுல இருந்தே திரும்பப் போட்டேன். புது சிஏ 3650 நாள், சர்வர் சர்டிஃபிகேட் 825 நாள், ஈஸி-ஆர்எஸ்ஏவோட டீஃபால்ட்டே அதான். கணக்கு போட்டுப் பாத்தா சர்வரோடது 2027 மே 14ல முடியும், சிஏ 2035 பிப்ரவரி 6. ரெண்டையும் திங்க்பேட் மூடி மேல மார்க்கர்ல எழுதிட்டேன். இனிமே கையெழுத்து போடறதுக்கு முன்னாடி யூடிசி நேரத்த பாக்காம எதையும் தொடறதில்ல.

பிப்ரவரி 12, புதன்

மூணு நாளா ஒவ்வொருத்தர் லேப்டாப்பா உக்காந்து எழுந்திரிக்கறேன். கீய நானே உருவாக்கி எல்லாருக்கும் அனுப்பிருந்தா அரை நாள் வேலைதான், ஆனா அப்படிப் பண்ணா எல்லாரோட ப்ரைவேட் கீயும் ஒரு தடவையாவது என் கை வழியா போகும், வாட்ஸப்ல போட்ட கதைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால கீ அவங்கவங்க லேப்டாப்லயே பொறக்கும், வெளிய வர்றது கையெழுத்து கேக்கற ரிக்வெஸ்ட் மட்டும், அத பென்டிரைவ்ல திங்க்பேடுக்குக் கொண்டு போய் இம்போர்ட் பண்ணி சைன் பண்ணி, சர்டிஃபிகேட்ட மட்டும் திருப்பிக் கொண்டு வந்து தர்றேன். பேரும் ஆள்-மெஷின்னு சேத்து வைக்கறேன், ஒருத்தருக்கு லேப்டாப்பும் போனும் இருந்தா ரெண்டு சர்டிஃபிகேட்.

அக்கவுண்ட்ஸ் அக்கா இருபது வருஷமா இங்க இருக்காங்க. "ஏன் தம்பி, ஏற்கனவே ஒரு பாஸ்வேர்ட் இருக்கறப்ப கீக்கு வேற ஒண்ணு எதுக்கு?"ன்னு கேட்டாங்க. லேப்டாப் யார் கைக்காவது போயிடுச்சுன்னா அந்த கீய அவங்க உடனே எடுத்துப் பயன்படுத்த முடியாதுங்க அக்கா, அதுக்குள்ள நான் ரத்து பண்ணிடுவேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "லாக்கர் சாவி தொலைஞ்சா பேங்க்ல எழுதிக் குடுப்போமே, அந்த மாதிரி"ன்னாங்க. அதேதாங்க அக்கா.

பிப்ரவரி 15, சனி

பழைய சிஏவ எடுத்தாச்சு. டூப்ளிகேட்-சிஎன் வரி போச்சு. ஸ்டேட்டஸ்ல முதல் தடவையா பேர் பேரா தெரியுது.

பிப்ரவரி 19, புதன்

காலைல எட்டரைக்கு திருப்பூர் பையன் போன், குரலே நடுங்குது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல பேக காணோம், லேப்டாப் அதுக்குள்ள. "அண்ணா, நீங்கதான் சார்கிட்ட சொல்லணும்." போலீஸ் கம்ப்ளைண்ட் குடுக்கச் சொல்லிட்டு ஆபீசுக்கு ஓடினேன், பீரோவ தெறந்து கவர பிரிச்சு திங்க்பேட ஆன் பண்ணி, யூடிசி நேரம் சரிதானான்னு பாத்துட்டு, ரிவோக் (ரத்து) கமாண்ட், அவன் பேரு. உறுதியான்னு கேக்கும், யெஸ்ஸுன்னு முழுசா டைப் பண்ணணும். சிஏவோட பதிவேடான இண்டெக்ஸ் ஃபைல்ல அவன் வரி வி (வேலிட்) எழுத்துல இருந்து ஆர் (ரிவோக்ட்) ஆச்சு.

இத்தோட முடிஞ்சுதுன்னு நெறைய பேர் இங்கயே நிறுத்திடுவாங்க. முடியல. இது திங்க்பேட்ல இருக்கற பதிவேட்டுல மட்டும்தான் மாறிருக்கு, சர்வருக்கு ஒண்ணும் தெரியாது. ஜென்-சிஆர்எல் கமாண்ட் போட்டு சிஆர்எல்ங்கற ரத்துப் பட்டியல புதுசா உருவாக்கி, அத சர்வருக்கு காப்பி பண்ணி, சர்வர் நோபடிங்கற அதிகாரம் கம்மியான யூசர்ல ஓடறதால அந்த ஃபைல அது படிக்கற மாதிரி பெர்மிஷன் வச்சு, அப்புறம்தான் கதவு நெஜமா மூடுது. 10:40க்கு பட்டியல் போட்டேன், 10:55க்கு சர்வர்ல. அவன் சர்டிஃபிகேட் மட்டும் செத்துச்சு, மத்த 13 பேர் வேலை பாத்துக்கிட்டே இருந்தாங்க, யாருக்கும் எதுவும் தெரியல. ரெண்டு வாரமா பட்ட பாடெல்லாம் இந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்குத்தான்.

சாயங்காலம் அவனுக்கு ஒரு பழைய லேப்டாப்ல புது கீ போட்டுக் குடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜிஎஸ்டிஆர்-3பிங்கற மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு கடைசி தேதி 20. இன்னிக்கு ஆபீஸ் எப்படி இருந்திருக்கும்னு சொல்லவே வேண்டாம். 10:45 வாக்குல ஈரோட்ல ஒருத்தர் கனெக்ட் ஆகலங்கறார், 11:05க்கு ஏற்கனவே உள்ள இருந்த அக்காவும் வெளிய விழுந்துட்டாங்க, அரை மணி நேரத்துல எல்லாரும். யாரையும் நான் ரத்து பண்ணல. சர்வர் லாக்க தெறந்தா ஒவ்வொரு பேருக்கும் அதே வரி: "சிஆர்எல் ஹேஸ் எக்ஸ்பயர்ட்".

ரத்துப் பட்டியலுக்கே ஒரு காலாவதி தேதி இருக்கு. டீஃபால்ட் 180 நாள். பிப்ரவரி 19 காலை 10:40ல இருந்து 180 நாள் எண்ணினா ஆகஸ்ட் 18 காலை 10:40, நிமிஷம் கூடப் பிசகல. நடுவுல யாரும் வேலைய விட்டுப் போகல, எதுவும் தொலையல, அதனால நான் பட்டியல புதுப்பிக்கவே இல்ல. பட்டியல் பழசாச்சுன்னா சர்வர் யாரையும் நம்பாது. யார ரத்து பண்ணிருக்காங்கன்னு தெரியாதப்ப எல்லாரையும் வெளிய நிறுத்தறதுதான் நியாயம்னு எனக்கும் படுது, ஆனா 14 பேர் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்ன நேரத்துல அந்த நியாயம் தொண்டைக்குள்ள எறங்கல. உள்ள இருந்தவங்க ஒவ்வொருத்தரா விழுந்ததுக்குக் காரணம், ஓப்பன்விபிஎன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ கீய புதுப்பிக்கும், அப்ப சர்டிஃபிகேட்டையும் திரும்ப சரிபாக்கும்.

கான்ஃபிக்ல, ரத்துப் பட்டியல பாக்கச் சொல்ற சிஆர்எல்-வெரிஃபை வரிய கமெண்ட் பண்ணி நிறுத்திட்டா அடுத்த நிமிஷம் எல்லாரும் உள்ள வந்துடுவாங்க. சாரே கேட்டார், "அத ஒரு ரெண்டு நாள் எடுத்து வச்சா என்னப்பா?" காந்திபுரத்துல போன லேப்டாப்பும் அப்ப உள்ள வரலாம்ங்க சார்னேன். அவர் அதுக்கு மேல எதுவும் கேக்கல, பீரோ சாவிய எடுத்து நீட்டினார். 11:40க்கு புது பட்டியல் சர்வர்ல ஏறுச்சு, அக்கா முதல் ஆளா உள்ள போனாங்க.

ஆகஸ்ட் 23, சனி

சிஏ ஆஃப்லைன்ல இருக்கறதால சிஆர்எல்ல கிரான்ங்கற டைமர் போட்டு தானா புதுப்பிக்க முடியாது, கீய சர்வருக்குக் கொண்டு வரவும் எனக்கு சம்மதம் இல்ல. பட்டியலோட ஆயுள 3650 நாள்னு வச்சுட்டு மறந்துடலாம்னு ஒரு நண்பர் சொன்னார், அதுலயும் மனசு ஒப்பல, யாராவது பழைய பட்டியல சர்வர்ல திருப்பி வச்சாலும் அது வருஷக்கணக்கா செல்லும். 180 நாளே இருக்கட்டும். ஆனா மாசா மாசம் முதல் சனிக்கிழமை, யார் போனாலும் போகாட்டியும், புது பட்டியல். சர்வர்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட், தினமும் காலைல சிஆர்எல்லோட நெக்ஸ்ட் அப்டேட் (காலாவதி) தேதியும் சர்வர் சர்டிஃபிகேட் தேதியும் பாக்கும், 30 நாளுக்குள்ள வந்துட்டா எனக்கும் சாருக்கும் மெயில். வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க 200 நாள்னு மாத்தி ஓட்டிப் பாத்தேன், சார் போனுக்கு மெயில் போய் அவர் பதறிப்போய் கூப்பிட்டார். சாரி சொல்லிட்டு 30க்கே மாத்தியாச்சு.

நோட்டுப் புத்தகம் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் கையால எழுதினேன். எந்த சாவி எங்க இருக்கு, நேரத்த எப்படி பாக்கணும், ரிவோக்குக்கு அப்புறம் என்ன பண்ணணும், சிஆர்எல்-வெரிஃபைய ஏன் தொடக்கூடாது.

செப்டம்பர் 1, திங்கள்

ஈரோட்ல புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கு. திருப்பூர் பையன கூப்பிட்டு நோட்ட கைல குடுத்துட்டு நான் பின்னாடி சேர் போட்டு உக்காந்துட்டேன். அவன் ரிக்வெஸ்ட இம்போர்ட் பண்ணான், பேர ரெண்டு தடவ படிச்சான், யூடிசி நேரத்த போன்ல சரிபாத்தான், அந்தப் பொண்ணுக்கே போன் பண்ணி ரிக்வெஸ்ட் அவங்களோடதுதானான்னு ஃபிங்கர்பிரிண்ட்டோட (ஃபைல அடையாளம் காட்டற எழுத்து வரிசை) கடைசி எட்டு எழுத்த படிக்கச் சொல்லிக் கேட்டான், இது நோட்டுல நான் எழுதாதது, எனக்குத் தோணவே இல்ல. எழுதி வைடான்னு பேனாவ குடுத்தேன். அப்புறம் சைன் பண்ணான். இண்டெக்ஸ்ல புது வரி, வி. மேல அஞ்சாறு வரி தள்ளி அவனோட பழைய பேர் பக்கத்துல ஆர். ரெண்டையும் கொஞ்ச நேரம் பாத்துட்டு திங்க்பேட மூடினான்.