வடக்கு மூலை

ஏப்ரல் 24
பருத்திமார் பிடுங்கி முடிந்தது. காயில் ஒட்டிக் கிடக்கும் புழு அதோடு போகட்டும் என்று எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். அடுப்புக்கு ஆகியிருக்குமே என்று அம்மாவுக்கு வருத்தம்.

மே 3
மழை இல்லை. வடக்கு மூலை வெடிப்பில் முழங்கை வரை கை போகிறது.

மே 11
ராத்திரி நல்ல உழவு மழை. விடிவதற்குள் டிராக்டர்க்காரர் போன்: “தம்பி, இப்ப விட்டா விளாத்திகுளம் பக்கம் போயிருவேன்.” கரிசலை ஈரத்தில் உழுதால் பாளம் பாளமாகப் பெயரும், காய்ந்தால் செங்கல்தான். ஒரு கை மண்ணைப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். உதிரவில்லை, உருண்டையாகவே கிடந்தது. “நாளைக்கழிச்சு வாங்கண்ணாச்சி” என்றேன். வராமல் போய்விட்டால்? அப்பாவிடம் கேட்கலாம். பேச்சு வராது, அசைவது இடது கை மட்டும்தான்.

மே 13
வந்தார். உளிக்கலப்பை போட்டு ஒன்றரை அடி. 3 வருஷத்துக்கு ஒருமுறை போதும். வெடிப்பு மூடிவிட்டது.

ஜூன் 2
மதுரை ஆஸ்பத்திரி. அப்பா போர்வை மேல் இடது கையால் கோடு இழுத்துக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் கேட்கிறார் என்றாள் நர்ஸ். குடிக்கவில்லை.

ஜூன் 19
வெடிப்பு அதே இடத்தில் மறுபடி.

ஜூலை 8
மண் பரிசோதனை அட்டை வந்தது. பிஹெச் 8.4. ஏக்கருக்கு 5 டன் குப்பை போடணுமாம். 4 ஏக்கருக்கு 20. எங்கள் குப்பைக்குழியில் ஒரு டிரெய்லர் தேறினால் அதிகம். ராத்திரி வயலில் ஆடு அடைக்கும் கிடைக்காரரிடம் பேசியிருக்கிறேன்.

ஜூலை 21
கிடை மூன்றாம் ராத்திரி. தினம் பட்டியை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். புழுக்கையும் மூத்திர வாடையும் வீடு வரை அடிக்கிறது. எனக்கு அந்த வாடையில்தான் தூக்கம் வருகிறது, ஆஸ்பத்திரி டெட்டால் வாடையில் இல்லை.

ஆகஸ்ட் 6
அரை மணி நேர மழை. மேட்டிலிருந்து வடக்கு மூலைக்கு உழவுச்சால் வழியாகவே தண்ணீர் ஓடி, மேல்மண்ணையும் கிடைப் புழுக்கையையும் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. சரிவோடு உழுதிருக்கிறோம். குறுக்கே உழுதிருக்கணும்.

அந்தக் கோடு! படுக்கையில் அவர் குறுக்காகத்தான் இழுத்தார். தலையணைப் பக்கமிருந்து கால் பக்கம் ஒருதடவைகூட இல்லை.

ஆகஸ்ட் 9
குறுக்கே மறு உழவு. டிராக்டர்க்காரர் சிரித்தார். காசு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10
போர்வையில் நானும் குறுக்காக இழுத்துக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டார். இன்னும் என்ன விட்டேன்?

செப்டம்பர் 20
சாணி கரைத்தாயிற்று. பஞ்சு விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இதில் புரட்டணும். மழைக்கு முன்னால் விதைப்பதா, மழையைப் பார்த்து விதைப்பதா?

செப்டம்பர் 23
மேற்கே மின்னல். மதுரையிலிருந்து போன், உடனே கிளம்பச் சொல்கிறார்கள். விதை முற்றத்தில் காய்கிறது, அம்மாவிடம்