ஸ்காபரோவில் குடியை விட ஒரு கூட்டம்

கனடாவுக்கு வந்த புதிதில் வீடு பார்க்க, வேலை எடுக்க, லைசென்ஸ் எடுக்க வழி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. குடியை விட எங்கே போவது என்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் தும்மினால், பக்கத்து மார்க்கம் நகரத்தில் "என்ன, காய்ச்சலாமே?" என்று கேட்கிற சனம் நாங்கள்.

கடைசியில் குடும்ப வைத்தியரிடம்தான் வாய் திறந்தேன். நாளாந்தம் நிறையக் குடிக்கிற ஆள் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்றார். கை நடுக்கத்தோடு நிற்காமல் வலிப்பு வரைக்கும் போகலாமாம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் குடி, போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கிற 'ராம்' கிளினிக் என்று உண்டு. வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரே போகலாம். குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நல்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளை அங்கே எழுதித் தருவார்கள். இதெல்லாம் முதலில் பார்க்கவேண்டியவை. எங்கள் ஆட்கள் மனத்தைரியம் போதும் என்று நினைத்து அறைக்குள் படுத்து நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் கூட்டம். குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஏஏ என்கிற அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் அமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடியில் விழுந்து எழும்பியவர்கள். 'மீற்றிங் கைட்' என்ற செயலியில் நீங்கள் நிற்கிற இடத்துக்குக் கிட்ட எந்தக் கூட்டம், எத்தனை மணிக்கு என்று எல்லாம் வரும். திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். நான் வேண்டுமென்றே ஸ்காபரோவை விட்டு நோர்த் யோர்க்கில் ஒன்றைப் பிடித்தேன். தமிழர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

கூட்டம் நடக்கிற தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவால் போய்ப் படி இறங்கினால் மடக்குக் கதிரைகள், பெரிய கோப்பிக் கேத்தில், ஒரு தட்டில் பிஸ்கட். ஒருவரும் படிவம் நீட்டவில்லை. இந்த நாட்டில் படிவம் நிரப்பாமல் நான் உள்ளே போன முதல் இடம் அதுதான். முதற்பெயர் மட்டும் போதும். விசா விசயத்தில் பிரச்சினை வருமோ என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏஏ வந்தவர்களின் பதிவேடு வைப்பதில்லை. குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டவர்களில் சிலர், கோர்ட்டில் காட்டத் தாங்களாகவே ஒரு துண்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவார்கள். காசுக் கூடை சுற்றி வரும்போது நான் சட்டைப்பையில் கை வைக்க, பக்கத்தில் இருந்த அம்மா "புது ஆட்கள் போடத் தேவையில்லை" என்று தடுத்துவிட்டார். கதைக்க என் முறை வந்தது. 'பாஸ்' என்றேன். அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிய எல்லோரும் எழும்பிக் கைகோத்துக் கிறிஸ்தவ செபம் சொன்னார்கள். திருநீறு பூசுகிற எனக்கு அது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் இந்தச் சண்டை எனக்கு முதலே அங்கு நடந்திருக்கிறது. குடியை விட ஏஏ சொல்கிற பன்னிரண்டு படிகளில் இருந்த கடவுளை எடுத்துவிட்டு மாற்றி எழுதிய குழுக்களை 2011இல் ரொறன்ரோ ஏஏ பட்டியலில் இருந்து நீக்கினார்கள். விசயம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், 2017இல் திரும்பச் சேர்த்தார்கள். இப்போது கடவுள் இல்லாத கூட்டமும் தேடினால் கிடைக்கும். அந்தப் படிகள் நம்பச் சொல்கிற 'மேலான சக்தி' எனக்கு நல்லூர்க் கந்தன். ஒருவரும் மறுக்கவில்லை.

நோர்த் யோர்க் வரை போயும் தமிழ் ஆள் தப்பவில்லை. கோப்பி வார்த்துக்கொண்டு நின்ற நரைத்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வயிறு கலங்கிவிட்டது. வெளியே பஸ் தரிப்பில் கிட்ட வந்தார். "எந்த ஊர், யாற்ற மகன்" என்று கேட்கப்போகிறார் என்று நின்றேன். அவர் ஊரைக் கேட்கவே இல்லை. "தம்பி, வியாழக்கிழமையும் ஒண்டு இருக்கு. கார்ல ஏத்திக்கொண்டு போறன், வாறியளே?" என்றார். "ஓம் அண்ணை" என்றேன்.

ஆங்கிலத்தில் வேலையிடத்துக் கதை கதைக்கலாம். அப்பா செத்த அன்று ஊருக்குப் போகமுடியாமல் குடித்ததைக் கதைக்க எனக்குத் தமிழ் வேண்டும். தமிழ்நாட்டில் ஏஏ தமிழில் நடக்கிறது, ஸூமிலும் வருகிறது. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்குத் தோதான நேரம். ஸூம் கூட்டம், நேரில் போகிற கூட்டம் இரண்டையும் விடவேண்டாம் என்பது என் எண்ணம். ஸூம் கூட்டத்துக்குப் பிறகு வீட்டில் நீங்கள் தனி. பக்கத்துத் தெரு ஆளின் நம்பர் கையில் இருந்தால் கூப்பிட்டவுடன் வருவார். மனைவிக்கு அல்-அனோன் இருக்கிறது, குடிக்கிறவரின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்குமான கூட்டம். என் மனைவி அங்கே என்ன கதைக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

கஷ்டமான இடம் சாமத்தியவீடும் பிறந்தநாளும்தான். 2024 செப்டம்பரில் இருந்து மூலைக்கடையிலும் பியரும் வைனும் விற்கிறார்கள், அதைக்கூடத் தாண்டி வந்துவிடலாம். "ஒண்டுதானே மச்சான்" என்று கிளாசை நீட்டுகிறவனைத் தாண்டுவதுதான் பாடு. அண்ணை சொன்ன உபாயம்: சாப்பாட்டு நேரத்துக்குப் போ, சொந்தக் காரில் போ, மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் ஒரு ஜிஞ்சர் ஏல் எடு. நிறைந்த கிளாஸ் கையில் இருந்தால் ஒருவரும் ஊற்ற வரமாட்டார்கள்.