மின்சாரம் போனாலும் குழாய் உறையாதிருக்க

நவம்பர் 9

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. ஆயினும் குழாய் பெரும்பாலும் வெடிப்பது பனிக்கட்டி பிடித்த இடத்தில் அன்று. அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிக்கொண்ட நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எங்கே இணைப்பு பலவீனமாக இருக்கிறதோ அங்கே பிளக்கிறது. கடுங்குளிர் இரவுகளில் குழாயைச் சிறிது சொட்டவிடச் சொல்வது இந்த அழுத்தத்துக்கு ஒரு வழி வைப்பதற்காகத்தான். ஆனால் கிணற்று மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டில், மின்சாரம் நின்றபின் அழுத்தத் தொட்டியில் மிச்சமிருக்கும் அழுத்தம் தீர்ந்துவிட்டால், சொட்டவிடவும் நீர் இராது.

நவம்பர் 16

வீட்டைச் சூடாக்கும் எங்கள் பாய்லர் எரிவாயுவில் எரிகிறது. இருந்தாலும் வெந்நீரைச் சுற்றவிடும் பம்பும், விசிறியும், கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரம் இல்லாமல் அசையா. பம்பின் தகட்டில் 60 வாட் என்று பொறித்திருக்கிறது. மற்ற இரண்டும் சேர்ந்து 70 வாட் இழுப்பதை மீட்டரில் பார்த்தேன். எல்லாம் ஓயாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 3.1 யூனிட். தரைக்கு அடியில் செல்லும் 6 மீட்டர் குழாயில் சுற்றியிருக்கும் ஹீட்டிங் கேபிள் மீட்டருக்கு 15 வாட் வீதம் 12 மணி நேரம் எரிந்தால் இன்னும் 1.1 யூனிட். ஆக மொத்தம் 4.2. இதே மின்சாரத்தை 1500 வாட் அறை ஹீட்டர் மூன்று மணி நேரத்துக்குள் விழுங்கிவிடும். ஆகவே பேட்டரியில் சேமித்த மின்சாரத்தைக் கொண்டு வெப்பத்தை உண்டாக்க முயலாமல், எரிவாயு தரும் வெப்பத்தைக் குழாய்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்க மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

நவம்பர் 24

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குறைகிறது. குளிரில் அதன் கொள்ளளவும் சுருங்குகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றிலிருந்து 0.6 யூனிட்டுக்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியையே தேர்ந்தேன்; அதில் ஏறத்தாழ 5 யூனிட் நிற்கும். ஒரு நிபந்தனை உண்டு: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஆகையால் அது வாகனக் கொட்டகைக்குப் போகாது, வீட்டுக்குள்ளேயே இருக்கும். இன்வெர்ட்டர் தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரம் போலவே சீராக ஏறி இறங்கும் மின்சாரம், தருவதாக இருக்க வேண்டும்; மலிவான வகைகளில் பம்பு இரைச்சலிடும், சூடேறும்.

டிசம்பர் 2

மெயினை அணைத்துச் சோதித்தோம். பம்பு உடனே சுழன்றது. பாய்லரின் சிறு கண்ணாடி வழியே நீலச் சுடர் எழுந்ததைப் பார்த்தேன். சில நொடிகளில் அணைந்தது. மும்முறை முயன்றுவிட்டுப் பாய்லர் தானே பூட்டிக்கொண்டது. சுடர் எரிகிறதா என்பதைப் பலகை அறிவது, சுடரின் ஊடாக எர்த்துக்குச் செல்லும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கொண்டு. இன்வெர்ட்டரின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இணைப்பு இல்லாதபோது அந்தச் சுற்று முழுமை பெறுவதில்லை. தகுதியுள்ள மின்பணியாளர் இன்வெர்ட்டர் கையேட்டின்படி அதைச் சரிசெய்தார். இதை வெயில் இருக்கும் பகலிலேயே சோதித்துப் பார்க்குமாறு ஒவ்வொருவரையும் வேண்டுகிறேன்.

டிசம்பர் 15

மின்வெட்டு ஒரு நாளைத் தாண்டினால் ஜெனரேட்டர்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். அது வெளியே, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்புறம் போகும்படி நிற்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை என்பதால் அதைக் கண்டறியும் கருவி படுக்கையறை அருகே இருக்கிறது. வீட்டை வெளிக்கம்பியிலிருந்து துண்டிக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் ஜெனரேட்டரைச் சொருகினால், வெளியே கம்பியைப் பழுதுபார்ப்பவரின் உயிருக்கே ஆபத்து.

ஜெனரேட்டரும் கிளம்பாத நிலையில், வெளிச்சுவரை ஒட்டிய குழாயின் வெப்பமானி 4 டிகிரி காட்டினாலோ பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கினாலோ, எது முந்துகிறதோ அப்போது மோட்டாரை நிறுத்தி, முதன்மை வால்வை மூடி, மேல்மாடிக் குழாயையும் நிலவறைக் குழாயையும் திறந்து நீரை வடித்துவிடுவோம். அந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் இன்று காட்டியிருக்கிறேன்.